மூன்று கோக்கன்களும் அத்தையின் நாற்பத்தோராயிரமும்

கிருஷ்ணநகர்,
காளி பூஜைக்கு ஐந்து நாள் முன்பு

வணக்கத்துக்குரிய அக்காவின் பாதங்களுக்கு,

தம்பி தலை தாழ்த்தி எழுதும் விஜயதசமி நமஸ்காரம். இங்கே என் வாய்வுத் தொல்லையைத் தவிர எல்லோரும் சுகம். ஜபல்பூரில் நீயும் உன் முழங்கால்களும் சுகமாக இருக்க காளி மாதா அருள் செய்யட்டும். என் வீட்டுக்காரி லதிகா தனியாக நமஸ்காரம் சொல்லச் சொன்னாள். நீ அனுப்பிய ஊறுகாய் ஜாடி உடைந்து வந்து சேர்ந்ததைச் சொல்லக் கூடாது என்றும் சொன்னாள். ஆகவே அதைப் பற்றி நான் எதுவும் எழுதவில்லை.

அத்தையின் காரியம் முடிந்து ஒரு மாதம் ஆகிறது. நீ வரவில்லையே என்று யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. உண்மையில் எல்லோரும் பேசினார்கள், ஆனால் மெதுவாகப் பேசினார்கள். கலைப் பள்ளியில் அத்தை உனக்கு இடம் வாங்கி வைத்திருக்க, நீ ரெயில்வே உத்தியோகஸ்தரைக் கட்டிக்கொண்டு போனாய். அதிலிருந்து ஐம்பத்திரண்டு வருஷமாக நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. இது ஊருக்கே தெரிந்த கதை. அதை இப்போது கிளற நான் எழுதவில்லை. உன்னிடம் ஒரே ஒரு வரி கேட்டுத்தான் எழுதுகிறேன். அந்த ஒரு வரிக்காக இங்கே மூன்று ஆண்பிள்ளைகள், மூன்று பேரும் ஐம்பதைத் தாண்டியவர்கள், சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு மீன் குழம்பு சாப்பிடுகிறோம்.

விஷயம் இதுதான். அத்தையின் பெட்டியில் ஒரு காகிதம் இருந்தது. மாணவிகளின் படங்களில் பெருக்கல் குறி போடுவாளே, அதே சிவப்பு மையில் எழுதியிருந்தாள். நம் சித்தப்பா மகன் தேவு, "நான் படிக்கிறேன், யாரும் அழக் கூடாது" என்று சொல்லிவிட்டுத் தன் மனைவியின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தான். "தபாலாபீஸ் சேமிப்பில் இருப்பது கோக்கனுக்கு. அதை என்ன செய்வது என்று கோக்கன் தன் இஷ்டப்படி முடிவு செய்ய வேண்டும். இது விஷயமாக வேறு யாரும் வாயைத் திறக்கக் கூடாது. ஹேமநளினி பாக்சி, ஓவிய ஆசிரியை, ஓய்வு." சேமிப்பில் இருப்பது நாற்பத்தோராயிரம் ரூபாய். தேவு படித்து முடித்ததும் நான், தேவு, அவன் தம்பி சிசிர், மூவரும் ஒரே குரலில், "அட, எனக்கா!" என்றோம். லதிகா கையிலிருந்த தேநீர்த் தட்டு தரையில் விழுந்தது. சிரிப்பை அடக்கியதால் விழுந்தது என்று பிறகு ஒத்துக்கொண்டாள்.

நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெயர், வீட்டுக்கு ஒரு பெயர். பள்ளிக்கூடப் பெயரைத் தேட அகராதி புரட்டுவார்கள். வீட்டுப் பெயர் வைக்க மட்டும் யாருக்கும் பொறுமை இருக்காது. ஆண் குழந்தையா, குட்டிப் பையன் என்று சொல்லிவிட்டால் ஆயிற்று, கோக்கன். நம் தெருவில் நின்று கோக்கன் என்று கூப்பிட்டால் எட்டு ஜன்னல் திறக்கும், நாலு பேர் பல் விளக்கிக்கொண்டே எட்டிப் பார்ப்பார்கள். நான் கோக்கன். தேவுவை அவன் அம்மா கோக்கன் என்பாள். சிசிர் பிறந்தபோது, ஏற்கெனவே இரண்டு கோக்கன் வீட்டில் இருப்பது சித்திக்கு நினைவில் இல்லையாம்.

முதலில் மூவருமே பெருந்தன்மையாகத்தான் ஆரம்பித்தோம். தேவு, "எனக்குன்னு ஒரு பைசா வேண்டாம். கால்பந்து கிளப்புல அத்தை பேர்ல பளிங்குப் பலகை வைப்போம். திறப்பு விழாவுக்கு ஊருக்கே ஹில்சா விருந்து" என்றான். அத்தை ஆயுளில் ஒரு பந்தையும் பார்த்ததில்லை, மீன் முள்ளுக்குப் பயந்து ஹில்சாவையும் தொட்டதில்லை. சிசிர் தன் மருந்துக் கடைக்கு ஒரு ஃபிரிட்ஜ் என்றான். "எனக்கா கேக்கறேன்? இன்சுலின் வைக்கலாம், ஊர் ஜனம் பிழைக்கும்" என்றான். "சோடாவும் வைக்கலாம், நீயும் பிழைப்பே" என்றான் தேவு. சமையலறைக் கூரை மூன்று இடத்தில் ஒழுகுகிறது, பருப்பில் மழைத் தண்ணீர் விழுந்தால் உப்புக் குறைகிறது என்றாள் லதிகா. அவள் கோக்கன் இல்லை என்பதால் அதை யாரும் காதில் வாங்கவில்லை. நான் எதுவும் கேட்கவில்லை, அக்கா. நம்பு.

பிறகு சாட்சியங்கள் வெளியே வந்தன. தேவு அலமாரிக்கு மேலிருந்து ஒரு கோப்பையை இறக்கினான். அதில் கோக்கன் என்று வெட்டியிருந்தது, அவன் இரண்டாம் பரிசு வாங்கியதும் வெட்டியிருந்தது. சிசிர் தனக்குச் சோறூட்டியபோது வாங்கிய வெள்ளிக் கிண்ணத்தைக் கொண்டுவந்தான். அதிலும் கோக்கன். இவன் முகத்தில் வெற்றிப் புன்னகை. லதிகா அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கடையில எல்லாக் கிண்ணமும் பேர் போட்டுத்தான் விப்பாங்க. எங்க தம்பி கிண்ணத்துலயும் இதே எழுத்துதான்" என்றாள். சிசிர் அன்று முழுக்க அவளோடு பேசவில்லை.

என்னிடம் கோப்பையும் இல்லை, கிண்ணமும் இல்லை. ஆனால் அவர்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. மாடி ஜன்னலிலிருந்து அத்தை "கோக்கன்!" என்று கூப்பிட்டது என் காதில் இன்னும் இருக்கிறது. தேவுவுக்கு அப்போது நடை பழகும் வயசு, சிசிர் பிறக்கவே இல்லை. நான் ஓடுவேன். மாடிப்படி ஏறிப் போய் நின்றால், "நீ எதுக்குடா வந்தே?" என்பாள். கூப்பிட்டுவிட்டு மறந்துவிடுவாள். அத்தைக்கு அந்த வயசிலேயே மறதி அதிகம். மற்ற நேரமெல்லாம் அவள் என்னை நிருபம் என்று முழுப் பெயர் சொல்லித்தான் அழைத்தாள் என்பது உண்மை. ஆனால் ஆசிரியை என்றால் அப்படித்தானே இருப்பார்கள்?

போன செவ்வாய்க்கிழமை மூவரும் பிரமாணப் பத்திரம் வாங்கக் கோர்ட்டுக்குப் போனோம். கோபத்தில் மூன்று ரிக்‌ஷா பிடித்திருக்க வேண்டும், கிடைத்தது ஒன்றுதான். சிசிரின் மடியில் தேவு உட்கார்ந்து வந்தான். வழி நெடுக அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் ஏமாற்றுக்காரன் என்று சொல்லிக்கொண்டே விழாமல் பிடித்துக்கொண்டும் இருந்தார்கள். ஆலமரத்தடியில் மேஜை போட்டிருந்த நோட்டரி வக்கீல் மூன்று விண்ணப்பத்தையும் வாங்கிப் பார்த்தார். "நிருபம் என்கிற கோக்கன், தேவகுமார் என்கிற கோக்கன், சிசிர்குமார் என்கிற கோக்கன்" என்று நிதானமாக வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "தப்பா நினைச்சுக்காதீங்க சார், வீட்டுல என்னையும் கோக்கன்னுதான் கூப்பிடுவாங்க" என்றார். பக்கத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலேயே, "நானும்தான்" என்றார். அந்தக் கும்பலில் நின்றபோது எனக்கே நான் கோக்கன்தானா என்று சந்தேகம் வந்துவிட்டது. கடைசியில் வக்கீல் ஒரு வழி சொன்னார். "உங்க மூணு பேரையும்விட வயசுல மூத்தவங்க, அந்த அம்மாவோட ஒரே வீட்டுல இருந்தவங்க, யாராவது உயிரோட இருந்தா ஒரு வரி எழுதி வாங்கிட்டு வாங்க."

அக்கா, அப்படி இருப்பது நீ ஒருத்திதான்.

திரும்பும் வழியில் பசி. சர்புரியா மிட்டாய்க் கடையில் மூவரும் ஆளுக்கு நாலு தின்றோம். கடைக்காரர் பணம் கேட்டபோது மூவரும் ஒரே நேரத்தில், "கோக்கன் தருவார்" என்று அடுத்தவனைக் காட்டினோம். சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில் பணம் கொடுத்தது நான்தான், அதைச் சாட்சியமாகக் குறித்துக்கொள்ளலாம். அப்போதுதான் சமாதானமும் ஆனது. உன் கடிதம் வரும்வரை சேமிப்புப் புத்தகத்தை யாரும் தொடுவதில்லை என்று முடிவு செய்தோம். நீ யாரைச் சொல்கிறாயோ அவன்தான் கோக்கன், அவன் சொல்வதுதான் செலவு.

இனி மனசில் இருப்பதை எழுதுகிறேன். கூரை ஒழுகட்டும், தேவு பலகை வைக்கட்டும், சிசிர் சோடா விற்கட்டும். நான் கோக்கன் என்று ஆனால் பணத்தை மூன்றாகப் பிரித்துக் கொடுத்துவிடுவேன், லதிகாவிடம் மட்டும் இதைச் சொல்லாதே. அம்மா போனபோது எனக்கு ஆறு வயசு. அதன்பிறகு எனக்குத் தலை வாரியது, கணக்குச் சொல்லிக் கொடுத்தது, அளவுகோலால் அடித்தது எல்லாம் அத்தைதான். நீ போன பிறகு அவளோடு ஒட்டிக்கொண்டு இருந்ததும் நான் ஒருவன்தான். கடைசி இரண்டு வருஷம் அவளுக்குக் கஞ்சி ஊட்டியது நான். ஒரு நாளாவது கன்னத்தைத் தொட்டு நல்லதாக ஒரு வார்த்தை சொன்னாளா என்றால், இல்லை. அவள் கடைசியாகச் சிவப்புப் பேனாவை எடுத்தபோது என்னைத்தான் நினைத்தாள் என்று தெரிந்தால் எனக்குப் போதும். அறுபத்தாறு வயசில் இதற்கு ஏங்குகிறானே என்று சிரிக்காதே.

ஆகவே ஒரு வரி எழுது. "நிருபம்தான் கோக்கன்." அவ்வளவுதான். உன்னை வரச் சொல்லவில்லை. இந்த வீட்டுப் படி ஏற மாட்டாய் என்று எனக்குத் தெரியும், வற்புறுத்திச் சண்டை வாங்கிக்கொள்ள மாட்டேன்.

அத்தான் படத்துக்கு என் நமஸ்காரம். பேரக் குழந்தைகளுக்கு ஆசீர்வாதம், அவர்களின் பரீட்சைகளுக்கும் சேர்த்து. பனி இறங்க ஆரம்பித்துவிட்டது, காதை மூடிக்கொண்டு வெளியே போ. வெந்தயத்தை ஊறவைத்துக் குடி.

என்றும் உன் அன்புத் தம்பி,
கோக்கன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் சுப்ரபா டீச்சர் வந்துவிட்டாள். அத்தையோடு பள்ளியில் வேலை பார்த்தவள், எண்பத்து நாலு வயசு, காது மந்தம். துர்கா பூஜை முடிந்து இத்தனை நாளாகியும் யாரும் வந்து காலில் விழவில்லை என்பதால், விழ வைக்கத் தானே ரிக்‌ஷாவில் வந்துவிட்டாள். நாங்கள் மூவரும் வரிசையாக விழுந்தோம். தேங்காய் உருண்டையை வாயில் போட்டுக்கொண்டு, "ஏம்ப்பா, கோக்கன் இன்னும் வரலையா? காரியத்துக்கும் காணோம், பூஜைக்கும் காணோம்" என்றாள்.

"நான்தான் கோக்கன்!" என்று தேவு அவள் காதில் கத்தினான்.

"நீ தேவு. உனக்குப் பின்னக் கணக்கு வராது" என்றாள். சிசிரைப் பார்த்து, "நீ மருந்துக்கடை" என்றாள். என் பக்கம் திரும்பி, "நீ நிருபம். எப்பவும் மூக்கு ஒழுகும். நான் கேக்கறது கோக்கனை. கவுன் போட்டுக்கிட்டு மாமரத்து மேல ஏறி உக்காந்து படம் போடுமே, அது. ரெயில்வேக்காரரைக் கட்டிக்கிட்டுப் போச்சே, அந்தப் பொண்ணு."

அக்கா, அவன், அவள் இரண்டுக்கும் நம் வங்காள மொழியில் ஒரே சொல் என்பது இதுவரை எனக்கு ஒரு தொந்தரவும் கொடுத்ததில்லை.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நான் பிறப்பதற்கு முன்பு எட்டு வருஷம் இந்த வீட்டில் நீதான் கோக்கனாம். நான் பிறந்ததும், நிஜப் பையன் வந்துவிட்டானே என்று அப்பாவும் அம்மாவும் பெயரைக் கழற்றி என் தலையில் போட்டார்களாம். அத்தை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. நீ கலைப் பள்ளிக்குப் போகாததால் அவள் கட்டிய பணம் திரும்ப வந்ததாம். அதைத் தபாலாபீஸில் போட்டாள். "மாசா மாசம் சம்பளத்துல கொஞ்சம் அதுமேலயே போடுவா. அவசரத்துக்குக்கூட எடுக்க மாட்டா. அது கோக்கனோட பணம்னுடுவா" என்றாள் சுப்ரபா டீச்சர். "ஆனா அக்கா மேல அத்தைக்குக் கோபம் இல்லையா?" என்று லதிகா கேட்டாள். "கோபம்தான்! சாகற வரைக்கும் கோபம்தான். கோபம் வேற, கோக்கன் வேற."

எனக்கு வருத்தமே இல்லை என்று எழுதினால் அது பொய். கொஞ்ச நேரம் முற்றத்தில் போய்க் குழாயடியில் நின்றேன். சுப்ரபா டீச்சர் கிளம்பும்போது என் கையைப் பிடித்து ரிக்‌ஷாவில் ஏறினாள். ஏறி உட்கார்ந்துகொண்டு, "நிருபம்னு உனக்குப் பேர் வச்சதே ஹேமாதானே? ஒப்பே இல்லாதவன்னு அர்த்தம் சொல்லி ஸ்டாஃப் ரூம்ல எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தாளாம். அதனாலதான் அந்தப் பேரை அவ சுருக்கவே மாட்டா" என்றாள். ரிக்‌ஷா போன பிறகும் நான் வாசலிலேயே நின்றிருந்தேன். லதிகா வந்து உள்ளே கூட்டிப் போனாள்.

ஆகவே மேலே நான் எழுதியது எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே. நான் கேட்ட அந்த ஒரு வரியை எழுத வேண்டாம். பணத்தை என்ன செய்வது என்பது உன் இஷ்டம், ஆனால் அதை இங்கே வந்துதான் சொல்ல வேண்டும். உன் பெயரை இத்தனை வருஷம் நான் வைத்திருந்துவிட்டேன், தபாலில் திருப்பி அனுப்ப வழியில்லை. உனக்காக மாடி அறையிலிருந்து சிசிர் இப்போதே மருந்துப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருக்கிறான், தேவு கீழே நின்று அதிகாரம் செய்கிறான். ஹௌராவுக்கு மூவரும் வந்து நிற்கிறோம். எந்த ரெயில் என்று மட்டும் எழுது.

நிருபம்