மொட்டை போட்ட நைனாவும் என் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளும்

கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே கனவு காணும் வித்தை எனக்குச் சின்ன வயதிலேயே கைவந்துவிட்டது. வாத்தியார் கேள்வி கேட்டால் "ம்" என்பேன். அடுப்பில் பால் பொங்குகிறது என்று அம்மா கத்தினால் அதற்கும் "ம்" என்பேன். வெளியே இந்த "ம்" காவல் காக்க, உள்ளே நான் பாட்டுக்கு எங்கோ போய்க்கொண்டிருப்பேன். இப்படிப்பட்டவள் எப்படி டாக்டருக்குப் படித்தாள் என்று கேட்பீர்கள். (என் பேராசிரியர்களும் அதையேதான் கேட்டார்கள்.)

எம்.பி.பி.எஸ். முடியும் சமயம் ஹவுஸ் சர்ஜனாக ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சில வாரம் இருந்தேன். சளி பிடித்த குழந்தை, அதைத் தூக்கி வந்த அம்மாவின் இடுப்பு வலி, துணைக்கு வந்த மாமியாரின் சர்க்கரை, எல்லாம் அங்கே ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். ஒருவர் பேச்சிலிருந்து இன்னொருவரின் நோய் தெரியும். எனக்கு அந்த பெஞ்சின் மேல் காதலே வந்துவிட்டது. படித்தால் குடும்ப மருத்துவம்தான் என்று முடிவு செய்தேன்.

அதற்குப் போகும் வழி ஆளுக்கு ஆள் மாறும். என் தோழி ஒருத்தி முதலில் கிராமத்து ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு இரண்டு வருட டிப்ளமோ படித்தாள். இன்னொருத்தன் எக்ஸ்ரே டாக்டராகத்தான் ஆவேன் என்று கோச்சிங் சென்டரே கதியாகக் கிடந்து, மூன்றாவது முறையும் ரேங்க் வராமல் இந்தப் பக்கம் திரும்பினான். நான் பரீட்சை எழுதி, கவுன்சலிங்கில் முந்தைய சுற்றுகளிலெல்லாம் கோட்டைவிட்டு, கடைசிச் சுற்றில் திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியில் இடம் பிடித்தேன். மூன்று வருடப் பயிற்சி. குறித்த நாளில் சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளோடு போய்ச் சேர வேண்டும். தவறினால் சீட்டு போச்சு. அதற்கப்புறம் சுற்றும் கிடையாது.

"குடும்ப மருத்துவம்னா, குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேசன் பண்றதாம்மா?" என்று கேட்டார் அத்தை. அப்பாவுக்கும், அதாவது எங்கள் நைனாவுக்கும், சரியாக விளங்கவில்லை. ஆனால் சீட்டு கிடைத்தால் திருமலையில் மொட்டை போடுவதாக யாரிடமும் சொல்லாமல் வேண்டிக்கொண்டிருந்தார். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பிச்சாட்டூரில் கரும்பு பயிரிடும் என் நைனா முனிரத்தினத்துக்கு அடர்ந்த முடி, அதைவிட அடர்ந்த மீசை. அந்த மீசை இல்லாத முகத்தை அம்மாவே பார்த்ததில்லை.

நான் சேர வேண்டிய அதே நாளில் அவரும் கிளம்பினார். சர்டிபிகேட்டை சாமிக்குக் காட்டாமல் வேலையில் சேருவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. ஒரிஜினல் ஆஸ்பத்திரிக்கு, செராக்ஸ் சாமிக்கு என்று பேசி முடித்தோம். இரண்டையும் ஒரே கடையில் வாங்கிய ஒரே மாதிரி நீல ஃபைலில் போட்டது என் புத்திசாலித்தனம். இரண்டுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்தது அம்மாவின் பக்தி.

திருப்பதி பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். அதிகாலை மழையில் நனைந்த மலை மேகத்தை மேலே போர்த்திக்கொண்டு கிடந்தது. பார்த்ததும் நான் கனவுக்குக் கிளம்பிவிட்டேன். பிச்சாட்டூர் ஏரிக்கரையில் என் கிளினிக், வாசலில் அந்த நீள பெஞ்ச், அதில் ஊர் முழுக்க உட்கார்ந்திருக்கிறது. யாரைப் பார்த்தாலும் எனக்குப் பெயர் தெரிகிறது. "வாங்க வாங்க, முட்டி வலி தேவலையா?" என்று நானே கேட்கிறேன்.

"இதான செராக்ஸு? நான் இத எடுத்துக்கினு போறேன்" என்றார் நைனா.

"ம்" என்றேன்.

ஆஸ்பத்திரி ஆபீசில் என் முறை வர பதினோரு மணி ஆயிற்று. கிளார்க் அம்மா ஃபைலைப் பிரித்து, ஒவ்வொரு தாளாகப் புரட்டி, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"இவன்னீ செராக்ஸ் கதம்மா. ஒரிஜினல்ஸ் ஏவி?"

எல்லாம் செராக்ஸ், ஒரிஜினல் எங்கே என்கிறார். ஒரிஜினல் இப்போது ஏழு மலை மேலே இருக்கிறது. நைனாவுக்கு போன் போட்டேன், ஸ்விட்ச் ஆஃப். கோயிலுக்குள் போனை விடமாட்டார்கள், கவுன்டரில் கொடுத்திருப்பார். "ஐந்து மணி தாண்டினா கம்ப்யூட்டரே மூடிக்கும்மா" என்றார் கிளார்க் அம்மா, எனக்காகத் தமிழில், பாவமாக.

மலை பஸ்ஸைப் பிடித்தேன். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் ஒரு கனவு வந்தது. ஒன்றில் சீட்டை இழந்து கரும்புத் தோட்டத்தில் களை பறிக்கிறேன். இன்னொன்றில் அத்தை ஊர் முழுக்க நடந்து சொல்லிக்கொண்டு வருகிறார்.

மேலே தகவல் மையத்தில் இருந்தவரிடம், மைக்கில் அறிவிக்கும்படி கெஞ்சினேன்.

"காணாம போனது கொழந்தையா?"

"இல்ல சார், எங்க நைனா."

"வயசு?"

"ஐம்பத்தெட்டு."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் தெலுங்கிலும் தமிழிலும் அறிவித்தார். பிச்சாட்டூர் முனிரத்தினத்தின் மகள் இங்கே காத்திருக்கிறாள் என்று மலை முழுக்கக் கேட்டது. என்னை வாசல் பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள்.

உட்கார்ந்து தேடினேன். அடர்ந்த முடி, அடர்ந்த மீசை. எதிரில் போனவர்களெல்லாம் மொட்டை. சந்தனம் பூசிய தலைகள், ஈர வெயிலில் பளபளத்தபடி, நூற்றுக்கணக்கில் மிதந்து போயின. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஏதோ மஞ்சள் பூந்தோட்டத்துக்குள் இருப்பது போல ஆகிவிட்டது. (ஆமாம், அந்த நிலைமையிலும்.)

யாரோ ஒரு மொட்டை ஐயா வந்து என் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார். திரும்பி அவர் முகத்தை நேருக்கு நேர் பார்த்தேன். காதோரம் பிளேடு கீறி ரத்தம் கசிந்தது. என் பையிலிருந்த பஞ்சை எடுத்து நீட்டினேன்.

"ஐயா, இதை வெச்சு அழுத்திக்கோங்க. சர்க்கரை எதுனா இருக்குதா?"

அவர் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு, பஞ்சை வாங்கிக்கொண்டார். நான் மறுபடியும் கூட்டத்தில் நைனாவைத் தேட ஆரம்பித்தேன். அரை மணி நேரம் போயிற்று. மணி மூன்று. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ரொம்பக் கோவமாம்மா?" என்றது பக்கத்து மொட்டை.

அந்தக் குரலைக் கேட்டதும் நான் போட்ட சத்தத்தில் இரண்டு காவலாளிகள் ஓடி வந்தார்கள்.

"நைனா! நீயா? வந்தா சொல்ல மாட்டியா?"

"நீ மூஞ்சிக்கு நேரா பாத்த. பாத்துட்டு ஐயான்னு கூப்ட்ட. நான் இன்னாவோ பெரிய தப்பு பண்ணிட்டேன், நீ கோவத்துல பேசாம கீறன்னு நெனச்சிக்கினு குந்திக்கினு இருந்தேன்."

அவர் மடியில் நீல ஃபைல் இருந்தது. நடுவில் விழுந்த தூறலுக்கு அதைத்தான் சந்தனத் தலைமேல் பிடித்திருக்கிறார். மைக்கில் தன் பெயரைக் கேட்டதும் வரிசையை விட்டு வெளியே வந்தவர், சாமியைப் பார்க்கவே இல்லை. அதை நினைத்து நான் கண்ணைத் துடைத்தேன்.

"சாமி எங்கயும் போவ மாட்டாரு. உன் சீட்டுதான் பூடும், எழுந்திரு" என்றார்.

செருப்பையும் போனையும் கவுன்டரிலேயே விட்டுவிட்டு, வெறுங்காலோடு என்னுடன் ஜீப்பில் ஏறினார். ஆபீசுக்குள் நாங்கள் நுழைந்தபோது ஐந்துக்குப் பத்து நிமிடம் இருந்தது. கிளார்க் அம்மா ஃபைலைத் திறந்தார். மழையில் கரைந்த சந்தனம் உள்ளே இறங்கி, என் எம்.பி.பி.எஸ். பட்டத்தின் ஓரத்தில் எலுமிச்சை அளவுக்கு ஒரு வட்டம் போட்டிருந்தது.

"சாமி தெக்கர பெட்டினாரா?" என்று பக்தியோடு கேட்டு, அந்த வட்டத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சாமி சன்னிதியில் வைத்தீர்களா என்கிறார். அது நைனா தலைச் சந்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நைனா கூரையைப் பார்த்தார். முத்திரை விழுந்தது.

பயிற்சியின் முதல் வாரத்திலேயே, பேஷண்ட் வந்தால் ஓ.பி. சீட்டைப் பார்க்காதே, முகத்தைப் பார் என்றார்கள். எனக்கு உடம்பு கூசியது. இன்றைக்கும் ஒருவர் உள்ளே வந்தால் அவர் முகத்தில் என் கண் நிலைக்கும் வரை பேச்சைத் தொடங்க மாட்டேன். பெற்ற அப்பனை அரை மணி நேரம் ஐயா என்று உட்கார வைத்தவளுக்கு அந்த பயம் போகாது.

நைனாவுக்கு மீசை பழையபடி வளர்ந்துவிட்டது. ஆனால் லீவில் நான் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பணிவாக என் எதிரில் வந்து உட்காருவார். அம்மாவும் அத்தையும் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பார்கள்.

"பேரு முனிரத்தினம் டாக்டரம்மா. ஊரு பிச்சாட்டூரு. சர்க்கரை கெடையாது. ஒரே ஒரு பொண்ணு."