‘சிரிச்சுக்கினே இரு’ வெற்றி வரலாறு

இசை வரலாற்றை இரண்டாகப் பிரிப்பதுதான் நியாயம்: காஞ்சிபுரம் வேலாயுதம் தனி ரெக்கார்டு போடுவதற்கு முன், போட்டதற்குப் பின். அந்த வேலாயுதம் அடியேன்தான். என்னைப் பற்றி நானே சொல்லிக்கொள்வது அழகல்ல. ஆனால் வேறு யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்களே, என்ன செய்வது?

மெட்ராஸ் ஓட்டல்களில் ‘தண்டர் பாய்ஸ்’ என்ற ராக் குழுவில் ரொம்ப வருஷம் எலெக்ட்ரிக் கிடார் வாசித்தேன். எல்லாம் கோபமும் சோகமுமான பாட்டுகள். ‘பாய்ஸ்’ நால்வரில் மூவருக்கு மூட்டு வலி வந்ததும் குழு கௌரவமாகக் கலைந்தது. வயசானவன் கோபப்பட்டால் யார் கேட்பார்கள்? ஆகவே 1976-இல், சந்தோஷம் தவிர வேறெதுவும் இல்லாத பாட்டுகளை நானே எழுதி, நானே பாடி, நானே கைதட்டி ஒரு ரெக்கார்டு வெளியிட்டேன். பெயர் ‘சிரிச்சுக்கினே இரு’.

வெளியீட்டு விழாவுக்கு எங்கள் தெரு வாசகசாலைத் தலைவர் திருஞானசம்பந்தம் தலைமை தாங்கினார். “இதைக் கேட்டா கவலை ஓடிப்போகும். நானும் எழுந்து ஓடலாமான்னுதான் பார்த்தேன்” என்று மனமாரப் பாராட்டினார்.

உலகம் கிடக்கட்டும். எனக்கு வேண்டியது ஒரே ஒருத்தியின் வாயிலிருந்து ‘நல்லாருக்குது’ என்ற ஒரு சொல். அவள் என் மனைவி கங்கையம்மாள். வீட்டில் தறி அவளுடையது, அதில் வரும் சோறும் அவளுடையது, கிடார் மட்டும் என்னுடையது. கல்யாணமானதிலிருந்து என் பாட்டு ஒன்றைக்கூட அவள் முழுசாகக் கேட்டதில்லை.

புது ரெக்கார்டைப் போட்டேன். பல்லவி முடியவில்லை, தறியிலிருந்து சத்தம்.

“யோவ், நிறுத்துயா! உன் பாட்டுக்கு காலு தன்னால ஆடி மிதி தப்புது. பொடவை வீணாப் போச்சுன்னா நீயா கட்டிக்குவே?”

ஆகா! கலை அவள் காலைத் தொட்டுவிட்டது. காது மட்டும்தான் பாக்கி.

கடைகளில் ரெக்கார்டு பத்திரமாக இருந்தது. ஒன்றுகூடக் குறையவில்லை. அப்போதுதான் மைக் செட் தாவீது வந்தான். விசேஷ வீடுகளில் குழாய் கட்டி ரெக்கார்டு போடுகிறவன்.

“அண்ணாத்தே, உன் பாட்டு ஹிட்டு!”

“எந்தக் கல்யாணத்தில்?”

“கல்யாணச் சாவுல. திருப்புட்குழியில ஒரு பெருசு, கொள்ளுப்பேரன்லாம் பார்த்தவரு, பூட்டாரு. அழக்கூடாது, ஆடித்தான் அனுப்பணும்னுட்டாங்க. எங்கிட்ட இருக்கிறது ஒண்ணு சாமிப் பாட்டு, இல்லாட்டி காதல் பாட்டு. உன்னுதுதான் கரெக்டா இருந்திச்சி. மருமகளுங்கல்லாம் இன்னா ஆட்டம்ன்றே!”

மருமகள்கள் ஆடியதற்குப் பாட்டு ஒன்றுதான் காரணமா என்று நான் ஆராயப் போகவில்லை.

அதன் பிறகு ஏனாத்தூர், திருமுக்கூடல் என்று என் குரல் இல்லாமல் எந்தக் கிழமும் ஊரைவிட்டுப் போகவில்லை. எங்காவது குழாயில் என் பாட்டு கேட்டால் கடைக்காரர் பாதிக் கதவைச் சாத்துவார், தறிக்காரர் இறங்கி வந்து “யாரு வூட்ல?” என்பார். தெருவில் என்னைக் கண்டால் பெரியவர்கள் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார்கள். எந்த வித்வானுக்கு இவ்வளவு மரியாதை கிடைத்திருக்கிறது?

கங்கையம்மாள் மட்டும் இன்னும் கேட்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, நெய்து முடித்த புடவையைக் கொடுக்க அவள் முதலாளி வீட்டுக்குப் போனாள். நான் தாவீதைக் கூப்பிட்டு எங்கள் வீட்டுக் கூரைமேல் குழாய் கட்டச் சொன்னேன். திரும்பி வரும்போது தெருக்கோடியிலிருந்தே கேட்டாக வேண்டும். தறியும் இல்லை, மிதியும் இல்லை, எப்படித் தப்பிப்பாள்?

பாட்டு ஆரம்பித்தது. தாவீது அதையே திருப்பித் திருப்பிப் போட்டான்; மூன்றாம் தடவை சரணம் வருவதற்குள் வாசலில் தெருவே கூடிவிட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு திருஞானசம்பந்தம் ஆளுயர மாலையோடு உள்ளே வந்தார்.

“எப்பேர்ப்பட்ட மனுஷன்யா வேலாயுதம்!” என்றவர் என்னைப் பார்த்து நின்றுவிட்டார். “நீயா? அப்ப இது யாருக்குப்பா?”

“யாருக்கும் இல்லீங்க. சும்மா, ரசனைக்கு.”

“பூக்காரன் திருப்பி எடுத்துக்க மாட்டானே” என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். மூங்கில் வாங்கப் போனவர்களைத் திருப்பிக் கூப்பிட ஒருத்தர் சைக்கிளில் ஓடினார்.

அப்போது தலைவிரி கோலமாக, மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள் கங்கையம்மாள். கிடாரும் கையுமாக நிற்கும் என்னைப் பார்த்தாள். என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

பாட்டு முடிந்தது. தாவீது ஊசியைத் தூக்கினான்.

அந்த நேரத்திலும் என் வாய் சும்மா இருக்கவில்லை. “முழுசாக் கேட்டியா, கங்கா?”

“தெருக்கோடியிலிருந்து கேட்டுக்கினேதான் ஓடியாந்தேன். ஒரு வரி விடல.”

“எப்படி இருந்திச்சி?”

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நீ போயிட்டேன்னு நெனச்சிக் கேட்டப்போ நல்லாத்தான்யா இருந்திச்சி.”