மெத்தையை விட்டுத் தரையில் படுத்த விவகாரம்

சியாங் மாய், அகழி சூழ்ந்த பழைய நகரம்
புதன்கிழமை

மதிப்பிற்குரிய லமியத் அக்காவுக்கு, உங்கள் தங்கை சம்லியின் வீட்டுக்காரன் தாவின் இரு கை கூப்பி எழுதிக்கொள்வது. உங்கள் முழங்காலும், எங்கள் வாத்துகளும், பூண்டு வயலும் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன். "இவ்விடம் நாங்கள் நலம்" என்று எழுதுவதுதான் முறை. சம்லியின் இதயத்தில் ஒரு கதவு சரியாக மூடிக்கொள்ளமாட்டேன் என்கிறது என்று டாக்டர் சொல்லியிருக்கும்போது அப்படி எழுதக் கை வரவில்லை. அந்தக் கதவு நீங்கலாக நலம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீங்கள் கிளம்பி வர வேண்டாம். மலைப்பாதையில் இரண்டாவது வளைவிலேயே உங்களுக்கு வாந்தி வரும், அப்புறம் வாத்துகளை யார் அடைப்பது? நான் இருக்கிறேன். நம் மேச்சேம் மலையில் ஆள் ஏற்றும் மஞ்சள் வண்டி ஓட்டியே தலை நரைத்தவன், மழையில் பிரேக் போனபோதும் கை நடுங்காதவன். ஓர் ஆஸ்பத்திரி என்னை என்ன செய்துவிடும்?

நாங்கள் தங்கியிருக்கும் இந்த ஓட்டல் எங்கள் மகன் கிட்டியின் ஏற்பாடு. அவன் அத்தனை தூரத்தில் ரயோங்கில் வேலையில் இருந்துகொண்டே போனில் அறை பிடித்துவிட்டான். சம்லி கிளம்பும்போதே என்னிடம் கறாராகச் சொன்னாள்: "ஓட்டலைப் பாக்குறேன், நல்லாத் தூங்குறேன், பரிசோதனைக்கு வேணா கையை நீட்டுறேன். நெஞ்சுல கத்தி வெக்கிற பேச்சை எடுத்தீங்க, அடுத்த வண்டியிலேயே ஊருக்குப் போயிடுவேன்." நானும் வாயைப் பொத்திக்கொண்டு வந்தேன். பெரிய சேதியம் என்கிற புத்த ஸ்தூபிக்குப் பின்னால், தேக்கு மரத்தில் கட்டிய வீடு. வண்டி ஓட்டிய காலத்தில் இதே மதிலோரம்தான் நிறுத்துவேன், ஸ்டியரிங் மேல் காலைப் போட்டுத் தூங்குவேன். இப்போது உள்ளே நுழைந்தால் பட்டுப் பாவாடை கட்டிய பெண்கள் வரிசையாக நின்று கும்பிடுகிறார்கள். யாரைக் கும்பிடுகிறார்கள் என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன், சம்லி என் முதுகில் ஒரு குத்து விட்டாள். அறையில் கட்டில் நடுவே ஒரு யானை, துண்டை மடித்துச் செய்தது. அதைப் பிரித்துக் குளிக்கப் போகலாம் என்று கை வைத்தால், "அது பாட்டுக்குத் தூங்குது, விடுங்க" என்கிறாள். சரியென்று வெறுங்கையோடு குளியலறைக்குள் போய்க் குழாய் எது என்று தேடி ஒரு குமிழைத் திருகினேன். கூரையிலிருந்தும் சுவரிலிருந்தும் ஒரே நேரத்தில் மழை. சட்டை, சட்டைப்பையில் இருந்த உங்கள் போன் நம்பர் எல்லாம் நனைந்தது. கடிதம் எழுதுவதற்கு அதுதான் காரணம். மெத்தையோ, உட்கார்ந்தால் சேற்று வயலில் எருமை இறங்கினது மாதிரி அமிழ்கிறது. ஆகவே நான் தலையணையை எடுத்துக்கொண்டு அவள் பக்கமாகத் தரையில் படுத்தேன். இது ஒரு பெரிய விஷயமா அக்கா?

பெரிய விஷயமாக்கிவிட்டார்கள். அறை துடைக்க வந்த அம்மாள் என் தலையணையைத் தரையில் பார்த்திருக்கிறாள். பரிசோதனை முடிந்து மத்தியானம் திரும்பி வந்தால் யானையைக் காணவில்லை, அதன் இடத்தில் துண்டில் செய்த இரண்டு அன்னங்கள் மூக்கோடு மூக்கு வைத்துக்கொண்டு நிற்கின்றன. சுற்றிலும் ரோஜா இதழை இதய வடிவத்தில் தூவியிருக்கிறார்கள். சம்லி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதையும் அறுக்கணுமாமா?" என்றாள். நான் இதழ்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் குப்பையில் போட்டேன். அதற்கப்புறம் ஓட்டலில் ஒருவரும் என்னை நேராகப் பார்ப்பதில்லை. அவளுக்கு மாம்பழம் தோல் சீவி வருகிறது, எனக்கு முழுசாக வருகிறது. தோட்டக்காரர் என்னை லாங்கன் மரத்தடிக்குக் கூட்டிப்போய், "அண்ணே, தப்பு யார் மேல இருந்தா என்ன, மன்னிப்பு கேக்குறது நம்ம வேலை. கேட்டுட்டா சோறாவது சூடாக் கெடைக்கும்" என்று புத்தி சொல்கிறார்.

இதற்கு நடுவில் நேற்று சம்லி சாப்பிடவில்லை. ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து வைக்கிறாள். "அக்கா கட்டிக்குடுத்த துவா நாவ் ஒண்ணு சுட்டுக் குடுத்தா ஒட்டரிசிச் சோறு ஒரு பிடி எறங்கும்" என்றாள். நெருப்புக்கு எங்கே போவது? அலமாரியில் இஸ்திரிப் பெட்டி இருந்தது. கவிழ்த்து வைத்து, அதன் மேல் அந்தச் சோயா அப்பளத்தைப் போட்டேன். நன்றாகத்தான் பொரிந்தது. வாசம் கிளம்பிய அடுத்த கணம் கூரையில் ஏதோ ஒன்று ஊளையிட்டது, முழு ஓட்டலும் ஊளையிட்டது, வெள்ளைக்காரர்கள் எல்லாம் முற்றத்துக்கு ஓடினார்கள். ஒருவர் தலை நிறைய நுரையோடு துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேனேஜர் தாரின் மூச்சிரைக்க வந்து கதவைத் தட்டினாள். நம் கிட்டி வயசுதான் இருக்கும். ஒரு கையில் இஸ்திரிப் பெட்டியோடு எப்படிக் கும்பிடுவது, சொல்லுங்கள். வைவாள் என்று நின்றேன். அவள் மூக்கை உறிஞ்சினாள். "அப்பா, இது துவா நாவ்தானே? எங்க அம்மா மே ஹோங் சோன்காரங்க. அவங்க போனதுக்கப்புறம் இந்த வாசமே வரல" என்றாள். நுரைக்காரருக்குச் சமாதானம் சொல்லிவிட்டு, மிச்ச அப்பளத்தையும் சம்லியையும் சமையற்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நான் ஜன்னலையெல்லாம் திறந்து புகையை விரட்டிவிட்டு, இனி வம்பே வேண்டாம் என்று அந்த இஸ்திரிப் பெட்டியைத் தாரினிடம் ஒப்படைக்கப் போனேன். சமையற்கட்டுக் கதவுக்கு அந்தப் பக்கம் உரலில் மிளகாய் இடிக்கிற சத்தம். தாரின் கேட்கிறாள்:

"அம்மா, தப்பா நெனைக்காதீங்க. அப்பா ஏன் கீழ படுக்குறாரு? உங்களுக்குள்ள சண்டையா?"

"சண்டைன்னா அவரை வாத்துக் கொட்டகையில இல்ல படுக்க வெப்பேன்?" என்று சம்லி சிரித்தாள். அப்புறம் குரல் தணிந்தது. "நான் தூங்கிட்டேன்னு நெனச்சிக்கிட்டு, கட்டிலுக்கு வெளிய தொங்குற என் கையைப் புடிச்சி நாடி எண்ணுறாரும்மா. வீட்டுலயும் இதேதான், மழை விட்டதுலேர்ந்து. நூறு வந்தாக் கணக்கு கொழம்பிடும், திரும்ப ஒண்ணுலேர்ந்து ஆரம்பிப்பாரு. நானும் பொரண்டு படுக்காமக் கெடப்பேன். பாவம், பாதியில விட்டுப்போச்சுன்னா?"

"அவர்கிட்ட சொல்லலாமில்ல, உங்களுக்குத் தெரியும்னு?"

"சொன்னா வெக்கப்பட்டு விட்டுடுவாரு. அப்புறம் எண்ணாம முழிச்சிக்கிட்டுக் கெடப்பாரு." உலக்கை நாலு தரம் ஓங்கி விழுந்தது. "கத்திக்குப் பயந்து நானும் தள்ளிக்கிட்டே வந்தேன். இப்படியே போனா எனக்கு முந்தி இந்த மனுஷன் போயிடுவாரு. நாளைக்கே டாக்டர்கிட்ட சொல்லிடுறேன், அந்தக் கதவை மாத்தித் தொலைங்கன்னு."

அக்கா, அங்கே மிளகாய்க் காரம் அதிகம், கதவு தாண்டி வந்து கண்ணில் பட்டுவிட்டது. நான் போய் லாங்கன் மரத்தடியில் உட்கார்ந்தேன். தோட்டக்காரர் வந்து, "கேட்டுட்டீங்களா மன்னிப்பு?" என்றார். "கேட்டாச்சு" என்றேன். தோளில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

இன்று காலை டாக்டரிடம் சம்லியே சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமை அறுவை. கிட்டிக்கு விடுப்பு கிடைக்கவில்லை, ஞாயிறுதான் வருகிறான். அதனால் என்ன, நான் பாறை மாதிரி இருக்கிறேன், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். ஆகவே மறுபடியும் சொல்கிறேன், வராதீர்கள். நம் விகாரைப் பெரிய பிக்குவுக்குச் சம்லி பெயரைச் சொல்லி ஒரு வேளை உணவு படைத்துவிடுங்கள், போதும். புத்தரும் தம்மமும் சங்கமும் உங்கள் முழங்காலைக் காக்கட்டும்.

வணக்கத்துடன்,
தாவின்

பின்குறிப்பு: அக்கா, இது நான், சம்லி. ஒட்டித் தபால்ல போடச் சொல்லிக் குடுத்துட்டுப் போனாரு, ஒட்டுறதுக்கு முன்னாடி படிச்சிட்டேன். இதைத் தபால்ல போடல, நம்ம ஊர் வண்டிக்காரன் கையில குடுத்து விடுறேன், இன்னிக்கே உனக்கு வந்துடும். மனுஷன் ரெண்டு நாளா ஒரு வாய் சாப்பிடல. நீ வா. எனக்காக வராதே, என்னைச் சுத்தி நாலு டாக்டர் நிப்பாங்க. வெளிய பெஞ்சில இவர் பக்கத்துல யாரு இருக்கா? வாத்தெல்லாம் எப்படியோ போகட்டும், நாளைக்கு மொத வண்டியில ஏறிடு. வந்து உக்காந்து, எதையாவது சாக்கா வெச்சி அவரோட சண்டை போட்டுக்கிட்டே இரு, என்னை வெளிய கொண்டார வரைக்கும்.