றெக்கையை அனுப்பிவிட்டுப் பெண் காட்டிய கதை

காலடிப்பேட்டையில் ஒரு வீட்டுக்குள் நுழைந்து, அங்கே இருக்கும் ஒருவர் முகத்தையும் பார்க்காமல், அந்தக் குடும்பத்தின் சரித்திரத்தையே சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் ஒருவன்தான். அவன் என் மனைவி சரளாவின் தம்பி. ரேஷன் கார்டில் அவனுக்கு ஒரு பெயர் உண்டு. அதைச் சொல்லி விசாரித்தால் எதிர்வீட்டுக்காரரே கையை விரிப்பார். றெக்கை என்றால் தேரடி வரைக்கும் தெரியும்.

காரணம் சீலிங் ஃபேன். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் அண்ணாந்து பார்ப்பான். அடுத்து ஸ்டூல் கேட்பான். மேலே ஏறி, ஃபேன் றெக்கையின் முதுகை ஒரு விரலால் தடவுவான். விரலில் அனல்மின் நிலையச் சாம்பல் ஒட்டினால் அது எர்ணாவூரில் ஓடிய ஃபேன். பிசுபிசுவென்று ஆலைக் கறுப்பு ஒட்டினால் மணலி. கடல் உப்புப் பொரிந்து துரு உதிர்ந்தால் காசிமேடு. பக்கத்து வீட்டுக்காரர் புதிதாக வாங்கியது என்று பதினொரு வருடமாக மனைவியிடம் சொல்லிவந்த ஃபேனைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது காசிமேட்ல பத்து வருசம் ஓடுன ஃபேன்" என்றான். அந்த அம்மாள் ஒரு வாரம் கணவரோடு பேசவில்லை.

ஒருமுறை தெருவில் ஒரு பெரியவர் இறந்துவிட்டார். துக்கம் கேட்கப் போன றெக்கை, அழுதுகொண்டிருந்த அவர் மனைவியிடம் நேராகப் போய், "ஆயா, உன் ஃபேன் மூச்சு வுட முடியாம கீது. எத்தினி நாளா இப்டி கீது?" என்று கேட்டான். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவரும் ரெண்டு மாசமா இதையேதான் சொல்லிகினு இருந்தாரு நைனா. யாரு கேட்டா?" என்று சொல்லி மறுபடி அழுதார். மறுநாள் காலை ஏழு மணிக்கு றெக்கை ஃபேனுக்குப் புது கன்டன்சரோடு அந்த வீட்டு வாசலில் நின்றான். அந்தத் துக்கத்துக்கு வந்தவர்களில் உருப்படியான காரியம் செய்தவன் அவன் ஒருவன்தான் என்று ஆயா இன்றும் சொல்வார்.

இந்தப் பித்தைத் தெளியவைக்க அவன் குடும்பம் எடுத்த முயற்சிகள் பல. சின்ன வயதில், சோறு தின்னாவிட்டால் ஃபேனை நிறுத்திவிடுவேன் என்பார் என் மாமியார். அது அவனுக்குக் கொண்டாட்டம். நின்றுபோகும் ஃபேன் முழுதாக ஓய எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணிக்கொண்டே பட்டினி கிடப்பான். பெரியப்பா ஒருவர் மந்திரித்த தாயத்து வாங்கிவந்து கையில் கட்டினார். அவன் அதைக் கழற்றி, எடை குறைந்த ஒரு றெக்கையில் கட்டினான். ஃபேன் குணமானது.

மாமியார் காலமான பிறகு அவன் எங்களோடு வந்துவிட்டான். தேரடிப் பக்கம் பாய் ஒருவர் நடத்தும் வைண்டிங் கடையில் மோட்டாருக்குக் காயில் சுற்றும் வேலை. நான் எதையும் ஒழுங்கில் கொண்டுவந்து பார்க்கிறவன். முதல் மாதமே ஓர் அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். ஃபேன் பற்றிப் பேசும் நேரம், மாலை ஆறரை முதல் ஏழு வரை. என்னைவிட ஒழுங்காக அவன் அதைக் கடைப்பிடித்தான். ஏழு ஆனால் பேச்சு எங்கே இருக்கிறதோ அங்கேயே நின்றுவிடும். ஒரு நாள், "அந்தக் காலத்து ஃபேன்ல பேரிங் ஏன் கெடாதுன்னா" என்றவன் கடிகாரத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான். மறுநாள் அலுவலகத்தில் எனக்கு வேலை ஓடவில்லை. ஆறு இருபத்தைந்துக்கே போய் அவன் எதிரில் உட்கார்ந்தேன். ஆறரைக்கு, "கிரீஸ்தான்" என்றான்.

இரண்டு வருடம் முன்பு என் மகள் திவ்யா இப்படிப்பட்டவர்களைப் பற்றி எங்கெங்கோ படித்துவிட்டு அவனை ஒரு மருத்துவரிடம் அழைத்துப்போனாள். அவனுடைய நாற்பத்து மூன்றாவது வயதில்தான் ஆட்டிசம் என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் வந்தது. இது நோயல்ல, அவர் மனம் அமைந்த விதம், அவருக்குப் பிடித்ததைப் பிடுங்காதீர்கள் என்றார் மருத்துவர். சரளா கொஞ்சம் அழுதாள். வெளியே வந்த றெக்கை, டாக்டர் நல்லவர், ஆனால் இந்த வெயிலிலும் ரெகுலேட்டரை மூன்றுக்கு மேல் வைக்கவில்லை என்று மட்டும் சொன்னான். அட்டவணையை நான் அன்றே கிழித்தேன்.

இவ்வளவு தெளிந்த நானே போன வைகாசியில் தவறிவிட்டேன். திவ்யாவைப் பெண் பார்க்க எர்ணாவூரிலிருந்து வருவதாகச் சொன்னார்கள். அந்த நேரத்தில் றெக்கை வீட்டில் இருந்தால் ஸ்டூல் கேட்பான். நல்ல இடம். கைநழுவிப் போய்விட்டால் என்ன செய்வது? அனுப்பிவிடலாம் என்று நான்தான் சொன்னேன். திவ்யா என் முன்னால் வந்து நின்றாள்.

"இன்னிக்கு மாமாவ அனுப்பிட்ட. கல்யாணத்தன்னிக்கு இன்னா பண்ணுவ? தாய்மாமன் கையப் புடிச்சி இட்டாந்தாதான் நம்ப ஜனத்துல பொண்ணு மேடை ஏறும். எனுக்கு கீறது ஒரே மாமன்."

"அன்னிக்குப் பாத்துக்கலாம்மா."

தேதி குறிக்காமல் நான் தள்ளிப்போட்ட ஒரே காரியம் அதுதான்.

சனிக்கிழமை மதியம் அவனை மணலி புதுநகரில் என் தம்பி வீட்டுக்கு அனுப்பினேன். அங்கே நான்கு ஃபேனும் சத்தம் போடுகிறது என்று சொன்னேன். ஒன்றுகூடப் போடவில்லை. றெக்கைக்குப் பொய் சொல்லவும் தெரியாது, சொன்னால் தெரிந்துகொள்ளவும் தெரியாது. ஸ்பேனர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சந்தோஷமாகக் கிளம்பினான்.

அவன் போனதும் நான் வீட்டைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தேன். மூன்று ஃபேன்களையும் விடவில்லை. ஒன்பது றெக்கைகளையும் கழற்றி, சோப்புத் தண்ணீரில் கழுவி, துடைத்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினேன். ஒவ்வொன்றின் முதுகிலும் பென்சிலில் ஏதோ கிறுக்கல் இருந்தது. அதையும் அழுத்தித் தேய்த்து எடுத்தேன். பிறகு அடுக்கிலிருந்து வரிசையாக எடுத்து மாட்டினேன். வீடு பளபளவென்று இருந்தது.

ஞாயிறு பதினொரு மணிக்கு மாப்பிள்ளையும் அவர் பெற்றோரும் வந்தார்கள். தந்தை துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். உட்காரச் சொல்லி ஃபேனைப் போட்டேன். அது முதலில் தலையை ஆட்டியது. அடுத்து இடுப்பை ஆட்டியது. ரெகுலேட்டரைக் கூட்டியதும் சாமி வந்துவிட்டது. மாப்பிள்ளையின் தாயார் நாற்காலியைச் சுவரோரம் நகர்த்தினார். மாப்பிள்ளை அவர் பக்கத்தில் ஒதுங்கினார். தந்தை மட்டும் அசையாமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், முப்பது வருசம் கிரேன்ல ஏறி எறங்கிக்கிறேன். இப்டி ஒரு ஆட்டம் பாத்ததில்ல."

ஃபேனை நிறுத்திவிட்டு எல்லோரையும் படுக்கையறைக்கு அழைத்துப்போனேன். அங்கேயும் அதே ஆட்டம். மூன்றாவது ஃபேன் சமையலறையில். அங்கே யாரையும் அழைக்க முடியாது. மறுபடி ஹாலில் வந்து உட்கார்ந்தோம். வைகாசி வெயிலில் எல்லோருக்கும் வியர்த்து ஊற்றியது. பட்டுப்புடவையில் காபித் தட்டோடு வந்த திவ்யா, மேலே ஒரு பார்வை பார்த்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு போனை எடுத்தாள். ஃபேனைப் போட்டு, அதன் சத்தம் கேட்கும்படி போனை உயர்த்திப் பிடித்தாள். பிறகு, "கேட்டுச்சா மாமா? வா," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

"யாரும்மா அது?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் தாயார்.

"என் தாய்மாமன்."

"தாய்மாமன் கீறாரா? தரகர் சொல்லவே இல்லியே."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன்.

நாற்பது நிமிடத்தில் என் தம்பியின் பைக்கில் றெக்கை வந்து இறங்கினான். யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. நேராக ஃபேனைப் பார்த்தான்.

"யாரு கழட்டுனது?"

"நான்தான்."

"எந்த றெக்கை எந்த ஃபேனுக்குன்னு நம்பர் போட்டு வெச்சிருந்தேனே."

"அழுக்குன்னு நெனச்சி தொடச்சிட்டேன்பா."

"மாமா, உனுக்கு இந்த வேல வாணாம்," என்றான். கோபமே இல்லை.

ஒன்பது றெக்கைகளையும் கழற்றிப் பாயில் பரப்பினான். கண்ணை மூடிக்கொண்டு, கைக்கு ஒன்றாகத் தூக்கி எடை பார்த்தான். ஒரு மணி நேரம் ஆயிற்று. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை அவனுக்கு ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் ஃபேன் சத்தமில்லாமல் சுழன்றது. கீழே இறங்காமலேயே றெக்கை மாப்பிள்ளையிடம், "உங்க வூட்டு ஹால் ஃபேனுக்கு எத்தினி றெக்கை?" என்று கேட்டான்.

"நாலு."

றெக்கை ஸ்டூலிலிருந்து இறங்கினான். என் கணக்குப்படி, புதிதாகச் சந்தித்த ஒரு மனிதரின் முகத்தை அவன் முழுதாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நாலா? நான் பாக்கணுமே. எப்போ போலாம்?"

நான் அவசரமாக எழுந்து, அவன் சுபாவம் அப்படி, மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று இழுத்தேன். மாப்பிள்ளையின் தாயார் கணவரைப் பார்த்தார். அவர் தலையசைத்தார்.

"எங்களுக்கும் ஒரு பொண்ணு கீது சார்," என்றார் அந்த அம்மாள். "இவனுக்குத் தங்கச்சி. கூட்ஸ் வண்டி போனா கடைசிப் பொட்டி வரிக்கும் எண்ணாம சோத்துல கை வெக்காது. நடுவுல யார்னா பேசிட்டா அழுவும். உங்க வூட்டாண்ட ரயில் போவும்னு சொன்னாங்க. அதான் பொண்ண எங்க அக்கா வூட்ல வுட்டு வந்தோம்."

முதலில் சரளாதான் சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தோம், றெக்கையைத் தவிர. அவன் எப்போது போகலாம் என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை.

அடுத்த ஞாயிறு எர்ணாவூர் போனோம். ஆட்டோவில் முதலில் ஏறியவன் அவன்தான். நாலு றெக்கை ஃபேனுக்குக் கீழே ஒன்றரை மணி நேரம் நின்றான். பந்தி போடும் சமயத்தில் கூட்ஸ் வண்டி ஒன்று வந்தது. அந்தப் பெண் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எண்ண, இரண்டு குடும்பமும் இலைக்கு முன்னால் மூச்சுக்காட்டாமல் காத்திருந்தது. "ஐம்பத்தெட்டு" என்றாள். சாப்பிட ஆரம்பித்தோம்.

ஆவணியில் கல்யாணம். மண்டபத்தின் வாசலிலிருந்து மேடை வரை இருபத்து நான்கு ஃபேன்கள். புது வேட்டி கட்டிய றெக்கை, திவ்யாவின் கையைப் பிடித்து அழைத்துவந்தான். ஒரு தடவைகூடக் கீழே பார்க்கவில்லை. அண்ணாந்தபடி, ஒவ்வொரு ஃபேனுக்கும் உரிய நேரத்தைக் கொடுத்து நடந்தான். கம்பள விளிம்பிலோ ஒயரிலோ அவன் கால் தடுக்கிவிடக் கூடாதே என்று திவ்யா தரையையே பார்த்துக்கொண்டு வந்தாள். இந்தக் காலத்தில் குனிந்த தலை நிமிராத பெண்ணா என்று இரண்டு பக்க உறவினர்களும் மெச்சிக்கொண்டார்கள். நான் யாரையும் திருத்தவில்லை. எனக்கு நேரமும் இல்லை. அவர்களுக்கு நான்கடி முன்னால், அவன் எதிலும் மோதிவிடாமல் நாற்காலிகளை ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டே போனேன்.