சக்மா இலக்கத்துக்குள் மாட்டிய ஃபோன் நம்பர்

சென்ற் ஜேம்ஸ் ரவுண்,
2009 மே 23

அன்புள்ள மருமகன் கிருபனுக்கு, மாமா இராசரத்தினம் எழுதிக்கொள்வது. நலம் என்று தொடங்குவதுதான் முறை. முள்ளிவாய்க்கால் முடிந்த கிழமையில் அந்தச் சொல்லை எழுதக் கை வரவில்லை. நீ செய்துவைத்த வேலையை எழுத நன்றாகவே வருகிறது.

பக்கத்து வீட்டுச் சுகோமல் சக்மா, மகளின் கல்யாணக் கார்ட்டில் தங்கள் சக்மா இனத்தின் எழுத்திலேயே திகதி வேண்டும் என்று கேட்டார். அவர்களுடைய இலக்கங்களுக்குக் கம்பியூட்டரில் இன்னும் தனி இடம் கொடுக்கவில்லையாம். சரி, பாவம். எங்கள் பாமினி எழுத்துரு, இங்கிலீஷ் எழுத்து இருக்கிற இடத்தில் தமிழை வைக்கிறதுபோல, நீயும் 1, 2, 3 இருக்கிற இடத்தில் சக்மா இலக்கங்களை வரைந்து ஒரு எழுத்துரு செய்தாய். கார்ட்டையும் அச்சடித்தாய். அதோட போயிருக்கலாமேயடா! அதை ஏன்ரா என்ர கம்பியூட்டர் முழுக்கப் பூட்டிவிட்டுப் போனாய்? இப்ப திகதி, மணி, ஃபோன் பில் எல்லாம் சுழியும் கொக்கியுமாக் கிடக்குது. காலமை வெதர் பாத்தால் குளிரோ வெயிலோ தெரியாமல் ஜக்கெற்றையும் தொப்பியையும் சேத்துக் காவிக்கொண்டு திரியிறன். மாமி சிரிக்கிறா.

அது போகட்டும். நேற்று வவுனியா அகதிக் காம்பிலை உதவி செய்யிற சிஸ்டர் மக்டலீன் இமெயில் போட்டிருக்கிறா: "உங்கள் தங்கச்சியைப் பற்றிக் கதைக்க வேண்டும். உடனே இந்த நம்பருக்கு அடியுங்கள்." எழுத்தெல்லாம் வாசிக்கலாம். நம்பர் மட்டும் சக்மா! உன்ர அம்மா இருக்கிறாவோ இல்லையோ எண்டு தெரியாமல் சோறு இறங்காமல் கிடக்கிறம், அந்த நம்பர் என்ர மூக்குக்கு முன்னாலை நிண்டு பல்லைக் காட்டுது. உன்னைக் கூப்பிட்டுப் பேசுவமெண்டால் உன்ர நம்பரும் உதுக்குள்ளைதான். "பக்கத்து வீட்டு மனுசனைக் கேளுங்கோவன்" எண்டு மாமி சொல்லுறா. எந்த முகத்தோடை கேக்கிறது? முந்தநாள்தான் கொரிடோரிலை வைச்சு, "உன்ர இலக்கத்தாலை என்ர வீடே நாசமாப் போச்சு" எண்டு கத்திப்போட்டன். இனி அந்தக் கதவைத் தட்டமாட்டன். உன்ர கூட்டாளி சீமோன் இண்டைக்கு அஜக்ஸுக்கு உன்னட்டை வாறான், அவனிட்டை இதைக் குடுத்துவிடுறன். கண்ட கையோடை வந்து இந்தச் சனியனைக் கழட்டு.

மாமி கமலாம்பிகையின் ஆசீர்வாதம் முழுதாக உண்டு. என்னுடையது, அந்த எழுத்துரு போன பிறகு.

இப்படிக்கு,
கொதித்துப்போயிருக்கும் மாமா

பி.கு.: கழட்டாதை. மாமி என்ர சொல்லுக் கேளாமல் சுகோமலைக் கூட்டிக்கொண்டு வந்திட்டா. மனுசன் நான் கத்தினதைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கேல்லை. நம்பரை வாசிச்சார். "காம்ப் ஃபோன் கைமாறிப் போயிடும், இப்பவே அடியுங்கோ" எண்டார். அவரும் அகதிக் காம்பிலை வளந்தவராம். அடிச்சன். உன்ர அம்மாவே எடுத்தா. அழுது முடிய உன்ர நம்பரைக் கேட்டா. எனக்கெங்கை வாசிக்கத் தெரியும்? சுகோமல்தான் ஃபோனை வாங்கி, ஒவ்வொரு இலக்கமா இங்கிலீஷிலை சொல்லிக் குடுத்தார். நீ செய்தி கேக்கப் பயந்து ஃபோனை ஓஃப் பண்ணி வைச்சிருக்கிறாய் எண்டு கடிதம் வாங்க வந்த சீமோன் இப்பதான் சொல்லுறான். மடையா, ஒன் பண்ணடா. அம்மா அடிச்சுக்கொண்டு இருக்கிறா.