தானாகக் கியர் விழும் கார்

"மதி, மதி! போதும், நிறுத்து! நான் நடந்தே போய்க்கறேன்!"

பின் சீட்டிலிருந்து அபயாம்பாள் போட்ட கூச்சலில் டிரைவர் சங்கையா காரை ஓரங்கட்டினார். பெரிய ஃபாக்டரி ஆபீசர் வீட்டு விருந்துக்கென்று அவள் மடியில் வைத்துக் கொண்டுவந்த ரசம், அவள் புடவையில் பாதியும் பக்கத்தில் இருந்த கணவர் வெங்கிடேஸ்வரனின் வேட்டியில் மீதியுமாகப் போய்ச் சேர்ந்திருந்தது.

"நானில்லம்மா. இந்த வண்டிதான். கியர் மாறுத நேரமெல்லாம் எகிறுது" என்றார் சங்கையா, திரும்பிப் பார்க்காமலே. பார்க்கத் தைரியம் வரவில்லை.

"வண்டியா இது? உரல்ல போட்டு இடிக்கறாப்பல இருக்கு. எனக்கு ஈரக்குலையே எடம் மாறிப் போச்சு."

கேரளம் தனி மாநிலமான மறு வருஷம் அது. கருங்கானம் தேயிலை எஸ்டேட்டின் வெள்ளைக்காரத் துரை கப்பலேறினார். போகிற போக்கில் தன் அமெரிக்கக் காரை, தன் நாற்காலிக்கு வந்த பாலக்காட்டுக்காரர் வெங்கிடேஸ்வரனின் தலையில் கட்டிவிட்டுப் போனார். எஸ்டேட்டின் முதல் உள்ளூர் மேனேஜர் அவர். ஐயர் துரை என்று தொழிலாளர் லயம் முழுக்கப் பெயர்.

அந்தக் காருக்குக் கிளச் கிடையாது; காலடியில் பிரேக்கும் ஆக்சிலேட்டரும் மட்டும்தான். ஆக்சிலேட்டரை மிதித்தால் போதும், ஒன்று, இரண்டு, மூன்று என்று கியர் தானாக விழும். இருபத்திரண்டு வருஷம் கிளச்சை மிதித்து, கியர் போட்டு, எஸ்டேட் லாரியை ஓட்டிக் கை காய்த்துப்போன சங்கையாவுக்கு அதைக் கேட்டதுமே வாய் கசந்தது. "அப்ப டிரைவரு எதுக்கு? ஆரன் அடிக்கவா?" என்று கேட்டுக்கொண்டேதான் அவர் சாவியை வாங்கினார்.

வாங்கிய நாளிலிருந்து இந்தக் குலுக்கல். வெள்ளைக்காரத் துரை தானே ஓட்டியபோது கார் தொட்டில் மாதிரிப் போனது என்று பங்களாவில் எல்லோரும் சொன்னார்கள். "அவரு அது பாஷையில அதட்டுவாரு. நமக்கு அது வாயில நொழையாது" என்று சங்கையா சமாளித்துப் பார்த்தார். ஐயர் துரைக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. காரே தன்னை மதிக்கவில்லையோ என்று அவருக்கு ஏற்கெனவே ஒரு சந்தேகம் இருந்தது. தானே ஓட்டிப் பார்க்கலாமென்றால் அவருக்கு ஓட்டத் தெரியாது.

ரசத்தைத் துடைத்துக்கொண்டே அவர் சொன்னார்: "கேட்டயா சங்கையா, பதினெட்டாந்தேதி கொச்சியிலேர்ந்து டைரக்டர் வரார். இந்தக் கார்லதான் எஸ்டேட்டைச் சுத்திக் காட்டணும். அன்னிக்கும் இப்படிக் குலுங்கித்துன்னா, ஒண்ணு டிரைவர் போகணும், இல்லே ஃபிட்டர் போகணும். நான் போகமாட்டேன் ஆக்கும்."

எஸ்டேட்டில் வேலை போனால் வீடும் போகும். இரண்டையும் ஒரே கயிற்றில்தான் கட்டி வைத்திருப்பார்கள். சங்கையா அன்றே ஃபிட்டரைத் தேடிப் போனார்.

ஃபாக்டரி ஃபிட்டர் சுவக்கீன் அவருக்கு ஊர்க்காரன், தம்பி மாதிரி. தனிக்கட்டையான சங்கையாவுக்கு ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு அவன் வீட்டில்தான். சுவக்கீன் பெண்டாட்டி சந்தனமேரி வைக்கிற கருவாட்டுக் குழம்புக்கு அவர் சனிக்கிழமையே பசித்துக் காத்திருப்பார்.

சுவக்கீன் காரின் மூக்கைத் திறந்து, எண்ணெய் அளக்கும் குச்சியை உருவிப் பார்த்தான். "கியர்ப் பெட்டியில எண்ணெய் கொறச்சலா நிக்கி அண்ணாச்சி. இதுக்குன்னே தனி எண்ணெய் உண்டாம். கொச்சியிலேர்ந்து வரணும். பத்து நாளாவும்."

"பத்து நாளைக்கு நான் எங்க போவேன்? ஃபாக்டரியில எலை உருட்டுத ரோலருக்கு ஊத்துதியே, அதை ஊத்துலே. எண்ணெய் எண்ணெய்தானே?"

"அது கூழு மாதிரி இருக்கும் அண்ணாச்சி."

"ஊத்துலேங்கேன்."

ஊற்றினான். அதுவரைக்கும் ஆட்டுக்கிடா முட்டினது போலக் குலுங்கின கார், அன்று மாலை எருமை முட்டினது போலக் குலுங்கியது. அபயாம்பாளின் காதுத் தோடு ஒன்று கழன்று சீட்டுக்கடியில் போனதைத் தேட ஒரு மணி நேரம் பிடித்தது.

சரியான எண்ணெய் வந்ததும் சுவக்கீன் பழையதை வடித்துவிட்டு அதை ஊற்றினான். கொஞ்சம் தேவலை. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் குலுக்கல் முழுதாகப் போகவில்லையே! ஆக்சிலேட்டரிலிருந்து கியர்ப் பெட்டிக்குப் போகும் கம்பி ஒன்று இருந்தது. அதை ஒரு மரை கூட்டி, இரண்டு மரை குறைத்து, துரை விட்டுப்போன இங்கிலீஷ் புத்தகத்தில் படம் பார்த்துத் திருகினான். இப்போது கியர் மாறுவதற்கு முன்னால் எஞ்சின் மலை அதிரக் கத்த ஆரம்பித்தது. கத்தல் ஏற ஏறச் சங்கையாவுக்கு உடம்பெல்லாம் முறுக்கிக்கொள்ளும். அது அடங்குகிற நேரம் பார்த்து, கார் குப்புற விழப் போவது போல் ஒரு முறை குனிந்து எழும்.

"பாத்தியா? முன்னைக்கு மோசம்" என்றார் சங்கையா.

அடுத்தது கியர்ப் பெட்டியைத் தாங்கும் ரப்பர். அது நைந்து போயிருக்கலாம் என்று சந்தேகப்பட்ட சுவக்கீன், பழைய லாரி டயரை அறுத்துப் புதிதாக ஒன்று செய்து மாட்டினான். லாரி டயர் லாரி டயர்தானே! அன்றிலிருந்து கியர் மாறாதபோதும் கார் நடுங்கியது. கண்ணாடியும் கதவும் சேர்ந்து தாளம் போட்டன.

காருக்கடியில் மல்லாந்து கிடந்தபடியே அவன் கேட்டான்: "பிரேக் கட்டை வேற இம்புட்டுத் தேஞ்சு கெடக்கு அண்ணாச்சி. மாத்தி மூணு மாசம் ஆவலியே?"

"மலை ரோடுலே இது. தேயாம வளருமா?"

சுவக்கீன் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டான். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான்: "அண்ணாச்சி, கோவிச்சுக்காதிய. ஒரு தடவை நான் ஓட்டிப் பாக்கட்டா?"

சங்கையாவிடம் ஸ்டியரிங்கைக் கேட்பது, அவர் வாயில் இருக்கிற பல்குச்சியைக் கேட்கிற மாதிரி.

"ஏன்? நான் ஓட்டுததுல என்ன கொறை கண்ட?"

"கொறையில்ல அண்ணாச்சி, குலுங்குத நேரத்துல என்ன நடக்குன்னு..."

"காதை வச்சுக் கேளு. ஸ்டியரிங்கை நான் யாருக்கும் குடுத்ததில்ல."

சுவக்கீன் பின் சீட்டுப் பக்கம் ஏறினான். பின்பக்கத் தரையில் குப்புறப் படுத்து, தகரத்தில் காதை ஒட்டவைத்துக் கேட்டான். நாலு மைல் போய் வருவதற்குள் காது பணியாரம் மாதிரி வீங்கிவிட்டது. காரணம் மட்டும் பிடிபடவில்லை.

பதினெட்டாந்தேதி டைரக்டர் வந்தார். ஆறடி உயர வெள்ளைக்காரர், வாயில் எந்நேரமும் புகை பைப்பு. பின் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தார். ஐயர் துரை பக்கத்தில் உட்கார்ந்து, கொழுந்துக் காடுகளைக் கைநீட்டிக் காட்டிக்கொண்டு வந்தார். முதல் குலுக்கலில் டைரக்டரின் தொப்பி மூக்குவரை இறங்கியது. அவர் சிரித்தார். நல்ல மனுஷர். இரண்டாவது குலுக்கலில் கடக்கென்று ஒரு சத்தம். பைப்பின் முனை அவர் வாயில் இருந்தது. கிண்ணம், கங்கோடு, அவர் மடியில் இருந்தது.

ஓடுகிற காரில் ஆறடி மனுஷர் எழுந்து நின்றால் என்ன ஆகும்? கூரையில் ஒரு புடைப்பு விழுந்தது. அது கடைசிவரை போகவே இல்லை.

மீதி எஸ்டேட்டை டைரக்டர் நடந்தே பார்த்தார். காரில் போயிருந்தால் கண்ணில் படாத ஒழுகும் லயங்களும், அடைத்துக்கொண்ட ஓடைகளும், காடு மண்டிய பாத்திகளும் நடந்ததால் கண்ணில் பட்டன. ஐயர் துரையின் முகம் வெளிறிக்கொண்டே வந்தது.

சாயங்காலம் அவர் சங்கையாவை ஆபீசுக்குக் கூப்பிட்டார். "நேரா சொல்லு. தப்பு ஆர் மேல? ஓட்டறவன் மேலயா, ரிப்பேர் பார்த்தவன் மேலயா?"

சங்கையாவுக்கு வீடு கண்ணுக்குள் வந்தது. ஐம்பத்திரண்டு வயசும் வந்தது. பிறகு சொன்னார்: "அவன் கை வச்சப்புறந்தான் தொரை இம்புட்டு மோசமாச்சு."

பொய் இல்லை அது. அதுதான் அவரை அறுத்தது. ரோலர் எண்ணெயை ஊற்றச் சொன்னது தான்தான் என்று சேர்த்துச் சொல்லியிருக்கலாம். ஒரு தடவை ஓட்டட்டுமா என்று அவன் கேட்டதையும் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

சுவக்கீனுக்கு ஒரு வாரம் தவணை கொடுத்து வேலையை விட்டு நிறுத்தினார்கள். சங்கையா அவன் கண்ணில் படாமல் ஒளிந்து திரிந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவு தட்டும் சத்தம். சந்தனமேரி வாசலில் நின்றாள், கையில் தூக்குவாளி.

"என்ன அண்ணாச்சி, சாப்பிட வரல? நாங்க போறவரைக்குமாவது வரக்கூடாதா?"

கருவாட்டுக் குழம்புதான். சங்கையா ஒரு வாயோடு தூக்குவாளியை மூடிவைத்தார்.

காரையும் விற்றுவிட முடிவானது. மதுரையில் யாரோ ஒரு வியாபாரி எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, போடி பஸ் ஸ்டாண்டுக்கு ஆள் அனுப்புவதாக ஏற்பாடு. "கார் சும்மாத்தானே கீழ போறது? அந்த ஃபிட்டர் குடும்பத்தையும் அதுலயே ஏத்தி அனுப்பிடுங்கோ. பாவம், அவா எப்படிச் சுமந்துண்டு போவா?" என்று அபயாம்பாள்தான் சொன்னாள். துரை சரியென்றார்.

காலையில் லயத்துக்கு முன்னால் கார் நின்றது. பாய், அண்டா, அரிசிப்பானை, கட்டிப்போட்ட இரண்டு கோழி எல்லாம் பின்னால் ஏறின. அவற்றுக்கு நடுவே சுவக்கீன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். சந்தனமேரிக்கு இடமில்லை. முன்பக்கம், டிரைவருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். துரை வீட்டுக் கார் என்பதால் அந்தச் சீட்டில் அதுவரை ஒருத்தரும் உட்கார்ந்ததில்லை.

சங்கையா மெதுவாக ஓட்டினார். சொல்லிவிட வேண்டும், சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு வளைவிலும் நினைத்தார். கார் தன் வழக்கப்படி குலுங்கியது. கோழிகள் கொக்கரித்தன.

"ஏலே சுவக்கீனு, கீழ போய் என்ன செய்யப் போற? போடியிலயே ஏதும் ஒர்க்ஷாப்பு பாக்கலாமே?"

"இல்ல அண்ணாச்சி. வேலைச் சாமானையெல்லாம் நேத்தே ஆளுக்கொண்ணா குடுத்துட்டேன். இனிமே ஸ்பேனரைத் தொடமாட்டேன். இவ அண்ணன் தூத்துக்குடியில உப்பளத்துல இருக்காரு. வரச் சொல்லியிருக்காரு."

"உப்பளமா? நீயா? பதினஞ்சு வருஷ வேலைக்காரன்லே நீ!"

"பதினஞ்சு வருஷம் செஞ்சு என்னத்துக்கு? ஒரு குலுக்கலைக் கண்டுபிடிக்கத் தெரியல. தொரை செஞ்சது நியாயந்தான் அண்ணாச்சி. என் கைக்கு வேலை மறந்து போச்சு."

சங்கையாவுக்குக் கண் கலங்கி ரோடு தெரியவில்லை. "நான்தான்லே தொரைகிட்ட..." என்று ஆரம்பித்தார். அதற்குள் போடிமெட்டு ஏற்றம் வந்தது. எஞ்சின் கத்தியது. கார் ஒரு குனி குனிந்து எழுந்தது. பின்னால் அண்டா உருண்டு, சுவக்கீன் அதைப் பிடிக்கப் போனான். பேச்சு அறுந்துவிட்டது.

சந்தனமேரி புறப்பட்டதிலிருந்து வெளியே பார்க்கவே இல்லை. கார் ஓட்டுவதை இவ்வளவு கிட்ட இருந்து அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை. சங்கையாவின் காலடியையே குனிந்து பார்த்துக்கொண்டு வந்தவள், இப்போது நிமிர்ந்தாள்.

"தெரியாமத்தான் கேக்கேன் அண்ணாச்சி. இந்த வண்டிக்குக் கிளச்சே கெடையாதுன்னு இவிய சொன்னாவளே, அப்ப குலுங்குததுக்கு முன்னால ஒவ்வொரு தரமும் இடது காலால எதைப் போட்டு மிதிக்கிய?"