சங்கத்துக் குதிரையும் செயலாளர் மருமகனும்

மாமனார் தலைவராக இருக்கும் சங்கத்தில் மருமகன் எந்தப் பொறுப்பும் ஏற்கக் கூடாது. ஏற்றால் மாடு மாதிரி உழைக்க வேண்டும்.

என் மாமனாருக்கு ஆமத்தூர்ப் பக்கம் விவசாயம். நாட்டுக்குதிரை இனம் அழிந்துவிடக் கூடாது என்று சங்கம் ஆரம்பித்தார். எனக்குச் சிவகாசியில் பட்டாசு லேபிள் அடிக்கிற அச்சகம். நோட்டீஸ் ஓசியில் கிடைக்கும் என்று என்னைச் செயலாளராக்கினார். ஒவ்வொரு கூட்டமும், நாட்டுக்குதிரையின் காது எப்படி இருக்க வேண்டும் என்று ஆரம்பித்துக் கைகலப்பில் முடியும். (விலக்கிவிடுவது செயலாளர் வேலை.)

எங்கள் குதிரைகளைத் தனி இனமாகப் பதிவு செய்யலாமா என்று பார்க்க, கால்நடைத் துறை அதிகாரி ஒருவர் வந்தார். மாமனாரின் செவலைக் குதிரையைப் பிடித்துக்கொண்டு களத்து வெயிலில் நின்றேன்.

"எங்க குதிரைக பட்டாசுச் சத்தத்துலயே வளந்தது, சார். எம்புட்டுச் சத்தம் கேட்டாலும் அசையாது," என்றார் மாமனார்.

"அப்படியா?" என்றார் அதிகாரி.

மரியாதைக்குக் கேட்டதுதான். அதற்குள் மாமனார் களத்தின் அந்தக் கோடியில் சரவெடியை விரித்துவிட்டார். நான் குதிரைக்குப் பின்னால் ஒதுங்கினேன். (லேபிள் அடிப்பவனுக்கு வெடி பழகியிருக்கும் என்று யார் சொன்னது?)

"வேண்டாம் மாமா, குதிரை மிரளும்," என்றேன்.

"அதெல்லாம் மிரளாது. நீங்க கயித்த மட்டும் விட்றாதீக, மாப்ள."

பற்ற வைத்தார். அடுத்து எனக்கு நினைவிருப்பது, அதிகாரியின் ஜீப்புக்குள் உட்கார்ந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்ததுதான். கயிறு எப்போது கையைவிட்டுப் போனதோ தெரியாது.

சத்தம் ஓய்ந்து கண்ணைத் திறந்தால், ஜன்னல் வழியாக ஒரு நீண்ட செவலை முகம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. போகும்போதெல்லாம் நான் கருப்பட்டி கொடுத்த பழக்கம். வெடி முடியும்வரை அசையாமல் நின்றுவிட்டு, என்னைத் தேடி நிதானமாக நடந்து வந்திருக்கிறது.

பின்னாலேயே வந்த அதிகாரி என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். "குதிரை நல்லா இருக்குங்க," என்றார் மாமனாரிடம். "இவரு எந்த ஊரு?"

"மதுரப் பக்கம், சார்," என்றார் மாமனார், விருதுநகர் மாவட்டத்தின் மானத்தைக் காப்பாற்றும் அவசரத்தில்.

குதிரைகளைப் பதிவு செய்யப் பரிந்துரைப்பதாகச் சொல்லிவிட்டு அதிகாரி கிளம்பினார். அன்றே செயலாளர் பதவியை ராஜினாமா செய்தேன். மாமனார் இன்றுவரை ஏற்கவில்லை. ஆனால் ஒவ்வொரு தீபாவளிக்கும் முதல் வெடியைக் கொளுத்துமுன், "மாப்ள ஜீப்புல ஏறியாச்சா?" என்று தெருவுக்கே கேட்கும்படி விசாரிக்கிறார். உடனே என் மகள் கார் சாவியைக் கொண்டுவந்து என் கையில் கொடுப்பாள்.

வாங்கிக்கொள்கிறேன். வேறென்ன செய்ய?